பழைய கொலை நாவலைப் புதுச்சேரித் தொடராக்குவது: தடயத்தில் தொடங்குங்கள்

பழைய கொலைமர்ம நாவல் ஒன்றை ஆறு எபிசோட் தொடராக்கலாம் என்று உட்கார்ந்ததும் எல்லாரும் முதலில் செய்வது பெயர் மாற்றம். ஹென்றி அந்தோணிசாமி ஆவார், பட்லர் சமையல்காரர் ஆவார், லண்டன் பனிமூட்டம் மார்கழிப் பனியாகும். மூன்றாவது எபிசோட் எழுதும்போது கதை கழன்று கையோடு வந்துவிடும். இந்த வகைக் கதையைத் தாங்குவது தடயம். ஒவ்வொரு தடயமும் அது எழுதப்பட்ட ஊரின் குளிர், வெளிச்சம், சொத்துச் சட்டம், ஜன்னல், பேச்சு இவற்றில் ஏதோ ஒன்றில் ஊன்றி நிற்கும். ஊரை மாற்றினால் அந்த ஊன்றுகோல் போய்விடும். ஆகவே தடயத்தில் தொடங்கி, பெயரில் முடிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு காஸ்தோன் லெரூவின் 'மஞ்சள் அறையின் மர்மம்'. 1907-ல் வந்த பிரெஞ்சு நாவல். உள்ளே தாழிட்ட அறை, கம்பி போட்ட ஜன்னல், உள்ளேயிருந்து அலறலும் துப்பாக்கிச் சத்தமும்; கதவை உடைத்தால் அடிபட்ட பெண் கிடக்கிறாள், அடித்தவனைக் காணோம். துப்பறிகிறவன் பதினெட்டு வயது நிருபன். பிரெஞ்சுக் கதை, மஞ்சள் சுவர். புதுச்சேரிக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைப்பது கஷ்டம். விடையை இங்கே உடைக்கப்போவதில்லை. ஒன்று மட்டும்: அந்தப் பெண் பிழைத்துக்கொள்கிறாள், அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதுதான் பாதிக் கதை. 'தொடருக்குக் கொலை வேண்டுமே' என்று அவளைக் கொன்றுவிட்டால் அந்தப் பாதி போச்சு. மூலத்திலேயே பின்னால் ஒரு கொலை வருகிறது. அதை முன்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

உரிமை

இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. லெரூ இறந்தது 1927-ல், கோனன் டாயில் 1930-ல், நம் வடுவூர் துரைசாமி அய்யங்கார் 1942-ல். மூவரையும் தொடலாம். அகதா கிறிஸ்டி இறந்தது 1976 ஜனவரியில். இங்கே அவர் நாவல்களுக்கு 2036 டிசம்பர் 31 வரை உரிமை இருக்கிறது. இணையத்தில் 'கிறிஸ்டியின் 1926 நாவல் பொதுவுடைமை ஆகிவிட்டது' என்று படித்துவிட்டுத் திரைக்கதை எழுதத் தொடங்குகிறவர்கள் உண்டு. அது வெளியான ஆண்டைக் கணக்கில் எடுக்கும் அமெரிக்கச் சட்டம், இங்கே செல்லாது. தொடரை ஐரோப்பாவில் விற்கும் எண்ணம் இருந்தால் அங்கே 70 ஆண்டுக் கணக்கு. இன்னொரு பொறி மொழிபெயர்ப்பு. மூலம் சும்மா கிடைத்தாலும், பத்து வருடத்துக்கு முன் வந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கிறது. மூலத்திலிருந்து எழுதுங்கள். பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்களுக்குப் புதுச்சேரியில் பஞ்சமில்லை.

நாற்பத்தெட்டு வரி அட்டவணை

முதல் தடவை பேனா இல்லாமல் படியுங்கள். இரண்டாவது தடவை, சம்பவ இரவை மாலை 6 முதல் காலை 6 வரை பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரியாகக் கட்டம் போடுங்கள். மொத்தம் 48 வரி. குறுக்கே நான்கு பத்திகள்: உண்மையில் நடந்தது, யார் என்ன சொன்னார்கள், பார்ப்பவர் கண்ணில் பட்டது, பொய்யை உடைப்பது எது. நான்காவது பத்தி நிரம்பாத பொய் எதுவும் இருக்கக் கூடாது. அப்படி ஒன்று மிஞ்சினால் கடைசி எபிசோடில் துப்பறிகிறவர் 'எனக்கு அப்பவே சந்தேகம்' என்று சமாளிக்க வேண்டிவரும். பார்க்கிறவர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

மூன்றாவது தடவை தடயங்களை மட்டும் பொறுக்குங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது ஊன்றி நிற்பது வானிலையிலா, வெளிச்சத்திலா, வீட்டிலா, சட்டத்திலா, பேச்சிலா, கருவியிலா என்று ஒரே சொல்லில் குறியுங்கள். வழக்கமாகப் பாதிக்கு மேல் வானிலையும் வீடும்தான் வரும்.

பிணம் குளிர்வதில்லை

ஆங்கில நாவலில் டாக்டர் வந்து கையைத் தொட்டுப் பார்த்து 'இறந்து மூன்று மணி நேரம்' என்பார். உடல் மணிக்கு ஏறக்குறைய 0.8 டிகிரி வீதம் குளிரும் என்பது அந்தக் கணக்கு. அறை 15 டிகிரியில் இருக்கும் ஊருக்கு அது சரி. அக்னி நட்சத்திரத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறை மதியம் 37 டிகிரி. உடலும் 37. எங்கே குளிர்வது? உடல் விறைப்பும் அப்படித்தான். கோடையில் 18 முதல் 36 மணி நேரம், குளிர்காலத்தில் 24 முதல் 48 மணி நேரம் என்று தடயவியல் பாடநூல்கள் சொல்லும். இறந்த நேரத்தை வைத்து, 'அப்போது நான் அங்கே இல்லை' என்ற அலிபி கட்டிய நாவலை மே மாதத்தில் வைத்தால் டாக்டரால் ஒன்றும் சொல்ல முடியாது.

இதைக் குறையாகப் பார்க்காமல் கதையாக்குங்கள். அறையில் ஏசி இருக்கட்டும், 18 டிகிரியில் ஓடட்டும். உடல் குளிர்கிறது, விறைப்பு தாமதமாகிறது, டாக்டர் கணக்குத் தப்புகிறது. பிறகு கேள்வி: ஏசி எப்போது போடப்பட்டது? கரண்ட் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது? துணைமின் நிலையத்தில் மின்தடை நேரம் எழுதி வைக்கும் பதிவேடு உண்டு. பழைய நாவலில் நின்றுபோன கடிகாரம் செய்த வேலையை அந்தப் பதிவேட்டின் ஒரு வரி செய்யும். கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம், மின்வாரியப் பதிவேட்டைத் திருப்பி வைப்பது சிரமம்.

பிரேதப் பரிசோதனையிலும் ஒரு சௌகரியம். 2021 நவம்பரில் மத்திய அரசு இரவுப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்தபோதே, கொலைச் சந்தேகம் உள்ள உடல்களை, சட்டம் ஒழுங்குக் காரணம் இருந்தாலொழிய, அதிலிருந்து விலக்கிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு உடல் கிடைத்தால், ஜிப்மரானாலும் கடலூர் அரசு மருத்துவமனையானாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஓர் இரவு முழுக்க உங்கள் கதாபாத்திரங்களுக்குச் சொந்தம். விஷம் என்றால் உள்ளுறுப்பு மாதிரிகள் தடயவியல் ஆய்வகம் போய்வர நாளாகும். மோந்து பார்த்து விஷத்தின் பெயர் சொல்லும் டாக்டரை வெட்டிவிடுங்கள். அரளியோ வேறு எதுவோ, தயாரிக்கும் முறையையும் அளவையும் திரையில் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. கோப்பையில் இருந்தது என்பது போதும்.

வெளிச்சம்: லண்டனில் ஜூன் கடைசியில் இரவு ஒன்பதே காலுக்கு மேல்தான் சூரியன் மறையும், அதற்குப் பிறகும் முக்கால் மணி நேரம் முகம் தெரியும். புதுச்சேரியில் டிசம்பரில் மாலை ஐந்தே முக்கால் சுமாருக்கு மறைந்து, இருபது சொச்சம் நிமிடத்தில் கும்மிருட்டு. 'இரவு உணவுக்குப் பின் தோட்டத்தில் அவரைப் பார்த்தேன்' என்ற சாட்சி இங்கே நிற்காது. கடலில் சூரியன் மறைகிற காட்சியும் கிடையாது, இது கிழக்குக் கரை. கடல் ஓதம் ஏறித் தீவு துண்டிக்கப்படும் கதைகளையும் விட்டுவிடுங்கள். இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான்.

பனியில் மாட்டிக்கொண்ட பங்களாவுக்கு மாற்று நம்மிடம் தாராளமாக இருக்கிறது. தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே. ஃபெஞ்சலில் கவனிக்க வேண்டியது தண்ணீர் வந்த வரிசை. புயல் கரையைக் கடந்து, காற்று அடங்கி, ஒரு நாளுக்கு மேல் ஆன பிறகுதான் சாத்தனூர் அணையில் திறந்த வெள்ளம் தென்பெண்ணையில் வந்து ஊருக்குள் புகுந்தது. திரைக்கதைக்கு இது தங்கம். முதல் எபிசோடில் புயல், கொலை. இரண்டாவதில் வானம் வெளுக்கிறது, 'நாளைக்குப் போலீஸ் வந்துடும்' என்று எல்லாரும் மூச்சு விடுகிறார்கள். மூன்றாவதில் வெயிலடிக்கும்போதே பாலம் மூழ்குகிறது. செல்போன் டவரின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், டீசல் வராவிட்டால் அதுவும் ஊமை. 'சிக்னல் இல்லை' என்று ஒரு வசனத்தில் தள்ளிவிடாமல், போனில் ஒவ்வொரு கோடாகக் குறைவதைக் காட்டுங்கள்.

பூட்டிய அறைக்கு எந்த வீடு

தமிழர் பகுதியில் வைசியாள் வீதிப் பக்கமுள்ள வீடுகளில் திண்ணை, தாழ்வாரம், நடுவே திறந்த முற்றம். யார் எங்கே நடந்தாலும் நாலு பேர் கண்ணில் படும். ஒட்டுக்கேட்கும் கதைக்கு அருமையான வீடு, பூட்டிய அறைக்கு ஆகாது. பிரெஞ்சுப் பகுதியின் ரோமேன் ரோலான் வீதி, துமா வீதி வீடுகள்தான் இதற்குப் பொருந்தும்: உயர்ந்த மதில், இரட்டைக் கதவு, சாய்ந்த மரப்பட்டைகள் அடுக்கிய ஜன்னல் கதவுகள், மேலே வெண்டிலேட்டர்.

அந்த மரப்பட்டை ஜன்னலில்தான் மாட்டிக்கொள்வீர்கள். நடுவில் இருக்கும் குச்சியை இறக்கினால் பட்டைகள் எல்லாம் ஒன்றாகத் திறக்கும். கை நுழையாது. நூலும் கம்பியும் தாராளமாக நுழையும். புதுச்சேரிக்காரர் எவரும் முதல் எபிசோடிலேயே 'பட்டை வழியா தாழை இழுத்திருப்பான்' என்று சொல்லிவிடுவார். அந்த வழியை நீங்களே முதலில் அடைக்க வேண்டும். வருடா வருடம் அடித்த பெயிண்ட் ஏறிப் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன என்பதை, கொலைக்கு முன்பே, வேறு காரணத்துக்காகக் காட்டுங்கள். வேலைக்காரப் பெண் காற்றுக்காகக் குச்சியை இழுக்கிறாள், அசையவில்லை, சலித்துக்கொண்டு போகிறாள். நான்கு விநாடி போதும்.

அதே வீடு உங்களுக்குச் சொந்தமாக ஒரு தந்திரமும் கொடுக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் பழைய மரக்கதவு ஊறி நிலையில் இறுகிக்கொள்ளும். தோளால் இடித்து உடைத்த பிறகு 'உள்ளே தாழ் போட்டிருந்தது' என்று நாலு பேரும் மனசாரச் சொல்வார்கள். தாழை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உடைந்த கதவின் நிலைச்சட்டத்தில் தாழ் நுழையும் துவாரம் பிய்ந்திருக்கிறதா இல்லையா என்பது ஒரே ஒரு குளோசப்.

வீட்டை முடிவு செய்ததும் டேப் பிடித்து அளந்து, 1:50 அளவில் வரைபடம் போடுங்கள். நடிகரை நடக்கவிட்டு ஸ்டாப்வாட்சில் நேரம் எடுங்கள். கூடத்திலிருந்து மாடி அறைக்கு எத்தனை விநாடி, கொல்லைப்புறமாகச் சுற்றினால் எத்தனை. அந்த எண்களை 48 வரி அட்டவணையில் ஏற்றாமல் வசனம் எழுதாதீர்கள்.

உயில், வாக்குமூலம், எல்லை

'அப்பா உயிலை மாற்றப்போகிறார், அதற்குள் கொன்றுவிடு.' பாதி நாவல்களின் நோக்கம் இதுதான். ஆங்கிலேயர் தன் சொத்தை யாருக்கும் எழுதலாம். புதுச்சேரியில் அந்தக் குடும்பம் எது என்பதைப் பொறுத்தது. 1881 ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பம் என்றால், பிள்ளைகளின் பங்கைத் தொட முடியாது. ஒரு பிள்ளை இருந்தால் பாதிச் சொத்தை மட்டும் இஷ்டப்படி எழுதலாம், இரண்டு என்றால் மூன்றில் ஒரு பங்கு, மூன்றோ அதற்கு மேலோ என்றால் நான்கில் ஒரு பங்கு. இங்கே உயிலுக்காக மகன் அப்பாவைக் கொல்ல வேண்டியதில்லை. ஆனால் தெரியாத நான்காவது பிள்ளை ஒன்று முளைத்தால் மூவரின் பங்கும் குறையும், நோக்கம் அங்கே இருக்கிறது. இந்துக் குடும்பம் என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-வது பிரிவு கொலை செய்தவரை வாரிசாக விடாது. கண்டுபிடித்தால் போதும், சொத்துப் போகும்.

அடுத்தது எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்துக் குற்றவாளியை ஒப்புக்கொள்ள வைக்கும் காட்சி. இன்ஸ்பெக்டர் முன்னால் கொடுத்த ஒப்புதல் நம் நீதிமன்றத்தில் செல்லாது; அந்தப் பேச்சின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். ஆகவே கூடத்துக் காட்சியை ஒப்புதலில் முடிக்காமல், தோண்டியெடுக்கும் பொருளில் முடியுங்கள். கடப்பாரை மண்ணில் எதன்மேலோ படும் சத்தம் அழுகையைவிட நன்றாக இருக்கும். பிரிவு எண்களைப் பார்த்து எழுதுங்கள். 2024 ஜூலை 1 முதல் கொலைக்கு 103. இன்னும் 302 என்று வசனம் எழுதினால் கான்ஸ்டபிள்கள் சிரிப்பார்கள்.

துப்பறிகிறவர் எப்படி உள்ளே நுழைவது? தனியார் துப்பறிவாளருக்கு இங்கே எந்த அதிகாரமும் இல்லை, நிருபருக்கும் இல்லை. ஆனால் பிரேத விசாரணைக்கு அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேராவது வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு டீச்சரம்மாவைப் பஞ்சாயத்தாராகக் கையெழுத்துப் போடக் கூப்பிடட்டும். உடலையும் அறையையும் அவர் சட்டப்படியே பார்த்துவிடுவார். ஒரு பெண் துப்பறிவாளருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

எல்லையைப் பயன்படுத்தாமல் விடாதீர்கள். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு இருபது சொச்சம் கிலோமீட்டர். நடுவே முள்ளோடையில் மாநிலம் மாறுகிறது. இந்தப் பக்கம் கிருமாம்பாக்கம் ஸ்டேஷன், அந்தப் பக்கம் ரெட்டிச்சாவடி ஸ்டேஷன். இங்கே சிவப்புத் தொப்பி, அங்கே காக்கி. நேரே கடலூருக்கு வந்தால் ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் மதுப் பாட்டிலுக்காக வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். 'நான் அன்றைக்கு ஊரைத் தாண்டவே இல்லை' என்கிற பிஒய் 01 நம்பர் காரின் அலிபி அந்தச் சாவடியில் உடையும். கடலூர் வீட்டில் கிடக்கும் பாட்டிலில் 'புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு' என்ற லேபிளும் அதே வேலையைச் செய்யும்.

தமிழே சில தடயங்களைக் கெடுக்கும், சிலதைக் கொடுக்கும்

ஆங்கிலத்தில் கசின் என்று சொல்லி நாவல் முழுக்க ஓட்டிவிடலாம். தமிழில் மாமன் மகனா, சித்தப்பா மகனா என்று உடனே சொல்லியாக வேண்டும். ஒன்றில் கல்யாணம் சாத்தியம், மற்றதில் அண்ணன் முறை. காதல் நோக்கம் உள்ள நாவலென்றால் இந்த ஒரு சொல்லில் குட்டு உடையும். அந்நியர்போல நடிப்பவர் வாய் தவறி 'அத்தை' என்றால் அதுவே தடயம். முறைச்சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, யார் யாரை எந்த எபிசோட்வரை எப்படிக் கூப்பிடுவது என்று பூட்டுங்கள்.

பதிலுக்குத் தமிழ் கொடுப்பது இது:

"யாரும்மா வந்தது?"

"தெரியலைங்கய்யா. அவங்க வந்தாங்க, கொஞ்ச நேரம் பேசிட்டுப் போயிட்டாங்க."

எஸ்ஐ வாக்குமூலத்தில் எழுதுவது: 'சிலர் வந்து பேசிவிட்டுச் சென்றனர்.' ஒருவர் பலராகிவிட்டார். போலீஸ் இரண்டு எபிசோட் ஒரு கும்பலைத் தேடும். நாலாவதில் டீச்சரம்மா அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, "எத்தனை பேரும்மா வந்தாங்க?" என்பார். "ஒருத்தங்கதாங்க." மரியாதைக்காகச் சொன்ன 'ங்க'. ஒரு வேலைக்காரப் பெண் யாருக்கு அந்த மரியாதை கொடுப்பாள் என்று யோசித்தால் ஆளே கிடைத்துவிடும்.

படப்பிடிப்பில்

சந்தேக நபர்கள் ஏழு பேருக்கு மேல் வேண்டாம். நாவலில் பன்னிரண்டு என்றால் இணையுங்கள். வரிசையாக விசாரணைக் காட்சிகள் வைத்தால் தூக்கம் வரும். விசாரிக்கப்படுகிறவர் கையில் ஒரு வேலை கொடுங்கள். வஞ்சிரம் நறுக்கிக்கொண்டே பொய் சொல்கிறவரின் கத்தி எந்தக் கேள்விக்கு நிற்கிறது என்று கேமரா பார்க்கட்டும். பிளாஷ்பேக்கில் பொய் காட்டலாம், ஆனால் அது யாராவது ஒருவர் சொல்லும் வாக்குமூலமாகத்தான் வர வேண்டும். யாரும் சொல்லாத பொய்யைக் கேமரா தானாகக் காட்டினால் அது ஏமாற்று. பொய்க் காட்சியையும் உண்மைக் காட்சியையும் ஒரே லைட்டிங்கில் அடுத்தடுத்து எடுத்துவிடுங்கள். கால்ஷீட்டும் மிச்சம், இரண்டுக்கும் உள்ள ஒரே வித்தியாசமும் துல்லியமாக நிற்கும். கன்டினியூட்டி பார்க்கும் அசிஸ்டன்ட் ஒருவருக்காவது கொலையாளி யாரென்று தெரிந்திருக்க வேண்டும். நடிகர்களுக்குத் தெரியாமல் எடுக்கிறோம் என்ற வீம்பில் அவருக்கும் சொல்லாமல் விட்டால், அழிய வேண்டிய கறை அடுத்த ஷாட்டில் அப்படியே இருக்கும். பெரும்பாலோர் போனில்தான் பார்ப்பார்கள். கடிதம், லேபிள் போன்ற இன்சர்ட்டுகளில் எழுத்து ஃபிரேமின் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும், இரண்டு விநாடிக்குக் குறையாமல்.

மஞ்சள் சுவர் முகத்தில் மஞ்சளைத் துப்பும். மஞ்சள்காமாலை மாதிரித் தெரியும். சுவர்ப் பக்கம் கறுப்புத் துணி, எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல். சனி ஞாயிறு வெள்ளை நகரம் என்கிற பிரெஞ்சுப் பகுதியில் கேமரா வைக்காதீர்கள், சுற்றுலாக் கூட்டம் ஃபிரேமுக்குள் வந்து செல்ஃபி எடுக்கும். செவ்வாய், புதன், வியாழன் விடியற்காலை நல்லது. கடற்கரைச் சாலைக் கட்டடங்கள் கிழக்கே பார்த்தவை, மதியத்துக்கு மேல் முகப்பு நிழலாகிவிடும். ட்ரோன் என்றால் முதலில், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். லாஸ்பேட்டை விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. கடலோர வீட்டில் அலைச் சத்தம் ஒவ்வொரு ஷாட்டிலும் மாறும், ஆகவே காட்சி முடிந்ததும் ஆளில்லாமல் ஒரு நிமிடம் சத்தம் மட்டும் பதிந்துகொள்ளுங்கள்.

கடைசியில் சப்டைட்டில். அந்த 'அவங்க'வை ஆங்கிலத்தில் போடுகிறவர் 'தே' என்றால் கும்பல் என்ற பொய்யைத் தானே சொல்கிறார், 'ஷீ' என்றால் நாலாவது எபிசோடை முதலிலேயே உடைக்கிறார். எழுவாய் இல்லாமல் 'வந்து பேசிவிட்டுப் போனது' என்கிற மாதிரி மட்டும் போடச் சொல்லி, அந்த வரியின் பக்கத்தில் சிவப்பு மையால் காரணத்தையும் எழுதிக் கொடுங்கள்.